வெள்ளியங்கிரிக்குப் பாக்கெட்டில் அடங்கும் முதலுதவிக் கிட்: எதை வைக்க, எதை விட?

ஊர்சுற்றி

வணக்கம் மக்களே. மார்ச் கடைசியில் வெள்ளியங்கிரி ஏறலாம் என்று இருக்கிறோம். நான், இரண்டு நண்பர்கள், அப்புறம் என் தாய்மாமா. மாமாவுக்கு 58 வயது, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், ஆனால் தினமும் நடக்கிறவர்தான். அடிவாரத்துப் பூண்டியில் இருந்து ராத்திரி ஏற ஆரம்பித்து விடிகிற நேரத்துக்குக் கடைசி, ஏழாவது மலையில் இருக்க வேண்டும் என்பது திட்டம். அது நல்லபடியாக முடிந்தால் மழைக்காலம் கழித்து ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் ஏதாவது ஒரு பாதைக்குப் பதிவு செய்யலாம் என்றும் ஆசை இருக்கிறது.

பெரிய பை எல்லாம் வேண்டாம், கார்கோ பேண்ட் பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி ஒரு கிட் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். பை என்றால் பாதி வழியில் யாராவது வாங்கிக்கொண்டு முன்னால் போய்விடுவார்கள், நமக்கு வேண்டும்போது அது இன்னொரு மலையில் இருக்கும். பாக்கெட் என்றால் எப்போதும் நம்மோடு. இணையத்தில் தேடினால் மிட்டாய் டப்பாவுக்குள் உலகத்தையே அடைத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நான் எழுதி வைத்த பட்டியல்:

தீப்பொறிக் கம்பி, மெழுகு தடவிய பஞ்சு, தூண்டில் முள்ளும் நரம்பும், கம்பி ரம்பம், கண்ணி வைக்கக் கம்பி, பட்டன் அளவு திசைகாட்டி, அறுவை பிளேடு, தையல் போட ஊசி நூல், பொட்டாசியம் பர்மாங்கனேட், பேண்ட் எய்ட் ஐந்து, டோலோ 650 ஒரு அட்டை, பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சும் சின்ன பம்ப்.

இதில் எதைக் கழிக்கலாம், எதைச் சேர்க்கலாம்? அளவு அதிகபட்சம் ஒரு உள்ளங்கை.

தடிஊன்றி

தம்பி, இந்தப் பட்டியலை வைத்து அலாஸ்காவில் ஒரு வாரம் ஓட்டலாம். வெள்ளியங்கிரியில் கண்ணி வைத்து எதைப் பிடிக்கப் போகிறீர்கள்? அது காப்புக்காடு, முயலுக்குக் கண்ணி வைத்தால் பசியால் சாவதற்கு முன்பே வனத்துறை உங்களைப் பிடித்துவிடும். தூண்டிலும் அப்படித்தான், அந்தப் பாதையில் இருப்பது கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை மாதிரி ஊற்றுகள், மீன் பிடிக்க ஏரி கிடையாது. கம்பி ரம்பம், கண்ணிக் கம்பி, தூண்டில், தீப்பொறிக் கம்பி, இந்த நாலையும் முதலில் வெளியே எடுங்கள். பட்டன் திசைகாட்டியும் போகட்டும். கையில் வரைபடம் இல்லாமல் வடக்கு எது என்று தெரிந்து என்ன செய்வது, வெள்ளியங்கிரியில் கூட்டத்தோடு கூட்டமாகப் படியேறுகிறோம், வழி தவறுவது அரிது.

நம் ஊர் மலைகளில் ஆட்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது எதில் என்று யோசித்துப் பட்டியல் போடுங்கள். வெளிச்சம் இல்லாமல் இருட்டில் கால் வைப்பது, தண்ணீரும் உப்பும் குறைந்து மயங்குவது, கூட்டத்தை விட்டுப் பிரிந்து நிற்பது, வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சியில் காற்றில் உட்கார்ந்து நடுங்குவது, இறங்கும்போது முட்டியும் கணுக்காலும் மடங்குவது. இவ்வளவுதான். பசியால் யாரும் சாகப் போவதில்லை, ஒருநாள் சாப்பிடாமல் எல்லோராலும் இருக்க முடியும்.

அதனால் முதல் பொருள் டார்ச். போன் டார்ச்சை நம்ப வேண்டாம், சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை இழந்துவிடும். ஏறும்போதே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். தலையில் மாட்டுகிற விளக்கு ஆளுக்கு ஒன்று, அது போக பாக்கெட் கிட்டுக்குள் சாவிக்கொத்து அளவில் ஒரு குட்டி விளக்கு. உள்ளே இருக்கும்போது தானாக எரிந்து தீராமல் இருக்க ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு வையுங்கள், அல்லது நடுவில் ஒரு துண்டுக் காகிதம் செருகுங்கள்.

இரண்டாவது விசில். உள்ளே உருண்டை இல்லாத வகை, ஈரமானாலும் ஊதும், விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். கத்திக் கூப்பிட்டால் தொண்டை கொஞ்ச நேரத்தில் போய்விடும், விசில் போகாது. மூன்று ஊதல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. ஆனால் ஒன்று, அது யானை நடமாடுகிற காடு, குஷியில் ஊதிக்கொண்டு போகாதீர்கள், பிரிந்துவிட்டால் மட்டும்.

மூன்றாவது, வெள்ளித்தாள் மாதிரி இருக்கும் எமர்ஜென்சி போர்வை. மடித்தால் ஒரு கைக்குட்டைப் பொட்டலம் அளவுதான், எடையும் இல்லை. கிடைக்காவிட்டால் பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றை மடித்து வையுங்கள், தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டினால் காற்றும் மழையும் உள்ளே வராது. கீழே கோயமுத்தூரில் வெயில் கொளுத்தினாலும் மேலே விடியற்காலைக் காற்று வேறு மாதிரி இருக்கும். எறிந்துவிடாமல் கீழே கொண்டுவந்துவிடுங்கள், மேலே போட்டால் அதுவும் இன்னொரு குப்பை.

மருந்து விஷயம் எனக்கு அரைகுறை, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சும்மா ஒரு ஆள்

எதுக்கு சார் இதெல்லாம். எங்கள் தாத்தா வெறுங்காலோடு ஒரு மூங்கில் தடியை மட்டும் வைத்துக்கொண்டு ஏறி இறங்கினார். மலையில் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், கேட்டால் எலுமிச்சைச் சாறே கிடைக்கும். மூங்கில் தடி அடிவாரத்தில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள், போதும்.

காட்டுப்பூனை

தடிஊன்றி சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன், ஆனால் தீ மூட்ட எதுவுமே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. உயிர் காக்கும் கிட் என்றால் தீ, தண்ணீர், தங்குமிடம் மூன்றும் அடிப்படை. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு ராத்திரி காட்டில் மாட்டினால் என்ன செய்வீர்கள்? தீப்பொறிக் கம்பி கூட வேண்டாம், நம் ஊர்ச் சூடத்தை விட நல்ல தீமூட்டி உலகத்தில் இல்லை. நாலு கட்டிச் சூடத்தை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியில் போட்டு ஒரு லைட்டரோடு வைத்தால் ஈர விறகும் பிடிக்கும். நான் இமாச்சல் பக்கம் போகும்போது இதைத்தான் எடுத்துப் போகிறேன்.

தடிஊன்றி

இமாச்சலுக்குச் சரி. இங்கே வேண்டாம். 2018 மார்ச் 11 குரங்கணியை மறந்துவிட முடியாது. கொழுக்குமலைப் பக்கத்தில் இருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் மாட்டி 20 பேருக்கும் மேல் இறந்தார்கள், மீட்க விமானப்படை ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு என்று தனி விதிகளே அந்த வருடம் வந்தன. ட்ரெக் தமிழ்நாடு என்று 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்ததும், வழிகாட்டியோடு பதிவு செய்துதான் போக வேண்டும் என்பதும் அதன் தொடர்ச்சிதான்.

பிப்ரவரியில் இருந்து மே வரைக்கும் வெள்ளியங்கிரி திறந்திருக்கிறது, அதே மாதங்கள்தான் புல் காய்ந்து கிடக்கிற மாதங்களும். மலையில் போதைப்புல் என்கிற காட்டுப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும், ஒரு பொறி விழுந்தால் மேல்நோக்கி ஓடுகிற தீயை எந்த மனிதனும் ஓடி முந்த முடியாது. அடிவாரத்தில் பையைச் சோதித்துத் தீப்பெட்டி, லைட்டர், பீடி எல்லாம் எடுத்து வைத்துக்கொள்வது இதற்குத்தான், குப்பை சேராமல் இருக்கப் பிளாஸ்டிக்கையும் எடுத்துவிடுவார்கள். குளிருக்கு வெள்ளித்தாள் போர்வை இருக்கிறது, ஒரு காய்ந்த பனியன் இருக்கிறது, நாலு பேர் ஒட்டி உட்காரலாம். ஒரு ராத்திரியை இப்படிக் கழித்துவிடலாம்.

சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, நைலான், பாலியஸ்டர் துணி தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கோடையில் காட்டுக்குப் பருத்தித் துணி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு காரணம், ஆனால் பருத்தி நனைந்தால் குளிரும். இரண்டையும் பார்த்துத்தான் போட வேண்டும்.

ராத்திரி டூட்டி

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன், அவசரப் பிரிவில் வேலை. மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூக்கிப் போட வேண்டியவை. பாம்புக்கடி உறிஞ்சும் பம்ப், அறுவை பிளேடு, தையல் ஊசி நூல், பர்மாங்கனேட். பம்ப் விஷத்தை எடுக்காது, கடித்த இடத்தில் சதையைத்தான் நசுக்கும். மலையில் வைத்து யாரும் தையல் போடக் கூடாது, அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் பிடிக்கும், நல்ல தண்ணீரால் கழுவி மூடிக் கீழே கொண்டுவந்தால் நாங்கள் தைக்கிறோம். பர்மாங்கனேட்டை எவ்வளவு கலப்பது என்று கண்ணால் அளந்து போடுகிறவர்கள் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

வைக்க வேண்டியதில் முதலில் ஓஆர்எஸ். மலை ஏறுகிறவர்களுக்கு என்னைக் கேட்டால் டோலோவை விட இதுதான் முக்கியம். பாக்கெட்டுக்கு 200 மில்லி தண்ணீரில் கலக்கும் சின்னப் பொட்டலம் நல்லது, நாலைந்து வைத்தாலும் தடிமன் தெரியாது. பொட்டலத்தில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கலப்பது, அப்படியே வாயில் கொட்டி நக்குவது இரண்டும் கூடாது, உப்பு அதிகமாகி இன்னும் தண்ணீர் இழுக்கும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு சமமாகத் தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் டெட்ரா பேக்கில் விற்கிற ருசியான சர்க்கரைத் தண்ணீரை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்காதீர்கள், அந்தப் பெயரை அவற்றில் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. அட்டையில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது காயம். பேண்ட் எய்ட் ஐந்து சரி, ஆனால் அது கீறலுக்குத்தான். ரத்தம் நிற்காமல் வந்தால் வேண்டியது காஸ் துணியும் அழுத்திக் கட்ட ஒரு கிரேப் பேண்டேஜும். பஞ்சு வேண்டாம், புண்ணில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வரும். மூடிய பொட்டலத்தில் வருகிற காஸ் இரண்டு, 6 சென்டிமீட்டர் அகலக் கிரேப் பேண்டேஜ் ஒன்று, இதுதான் உங்கள் கிட்டில் அதிக இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். ரத்தம் வந்தால் காஸை வைத்துக் கையால் நேராக அழுத்தி விடாமல் பத்து நிமிடம் பிடியுங்கள், நின்றதா நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்கவே நிற்காது. அதே கிரேப் பேண்டேஜ் இறங்கும்போது மடங்கிய கணுக்காலுக்கும் உதவும். மைக்ரோபோர் டேப்பை முழு உருளையாக வைக்க வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டில் நாலைந்து சுற்றுச் சுற்றி வையுங்கள். குதிகாலில் எரிச்சல் ஆரம்பித்த உடனே, கொப்புளம் வருவதற்கு முன்பே, அந்த இடத்தில் இந்த டேப்பை ஒட்டிவிட்டால் கொப்புளமே வராது. வந்துவிட்டால் உடைக்காதீர்கள். பெட்டாடின் ஆயின்மென்ட் சின்ன டியூப் ஒன்று போதும்.

மாத்திரை. பாராசிட்டமால் நாலு போதும், முழு அட்டை எதற்கு. 650 என்றால் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. கால் வலிக்கு டைக்ளோபெனாக், புரூஃபென் எல்லாம் மலையில் போட வேண்டாம், உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்துக்குக் கெடுதல், உங்கள் மாமா மாதிரி பிரஷர், சுகர் இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. அரிப்பு, தடிப்புக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் இரண்டு. தூக்கம் வரும், அதனால் இறங்கிக்கொண்டிருக்கும்போது யோசித்துப் போடுங்கள். ஆன்டிபயாடிக் எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயம். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் மிஞ்சுகிற மாதிரி வெட்டுங்கள். வெறும் வெள்ளை மாத்திரை நாலு, எது என்னவென்றே தெரியாமல் கொண்டுவருகிறவர்கள் நிறைய. பாக்கெட் சூட்டிலும் வியர்வையிலும் மருந்து சீக்கிரம் கெடும், அதனால் ஒவ்வொரு சீசனுக்கும் மாற்றிவிடுங்கள். தகர டப்பா அழகாக இருக்கும், ஆனால் துருப்பிடிக்கும், தொடையில் குத்தும், ஈரமும் உள்ளே போகும். இரட்டை ஜிப் கவர் போதும்.

இப்போது மாமா. அவர் தன் மாத்திரைகளைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், ஒரு வேளைக்கு உபரியாக. சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ராத்திரி முழுக்க ஏறினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்குவது, குளிர்ந்து வியர்ப்பது, ஏதோ உளறுவது தெரிந்தால் உடனே குளுகோஸ் பொடி மூன்று ஸ்பூன் தண்ணீரில், அல்லது சர்க்கரை. கடலை மிட்டாய் இதற்கு மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை அப்புறம் கொடுங்கள். ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே அவருடைய மருத்துவரைப் பார்த்து அன்றைக்கு மாத்திரையை எப்படிப் போடுவது, மலை ஏறலாமா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

வெள்ளியங்கிரி சீசனில் மாரடைப்பு, மூச்சுத்திணறல் என்று செய்தி வராத வருடம் இல்லை. நடுநெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்து அடுத்த மலை ஏறக் கூடாது. அங்கேயே உட்கார வைத்து, ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இல்லாதவர் என்றால் 300 முதல் 325 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லி, 108க்கு ஆள் அனுப்புங்கள். நடக்க வைத்து இறக்காதீர்கள், வனத்துறை ஆட்களையும் டோலிக்காரர்களையும் கூப்பிடுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டை மருத்துவர் எழுதிக் கொடுக்காதவருக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம், பிரஷர் சட்டென்று இறங்கிச் சாய்ந்துவிடுவார்கள். அதனால் ஆஸ்பிரினும் கிட்டில் ஒன்று இருக்கட்டும், ஆனால் டெங்கு சீசனில் காய்ச்சலுக்கு அதைத் தொடவே கூடாது, கவரில் நெஞ்சுவலிக்கு மட்டும் என்று எழுதிவிடுங்கள்.

ஊர்சுற்றி

அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. மாமாவை மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன், மனுஷன் முரண்டு பிடிப்பார், பார்க்கலாம்.

இரண்டு சந்தேகம். பம்ப் வேண்டாம் என்றால் பாம்பு கடித்தால் கிட்டில் இருந்து என்னதான் எடுப்பது? அந்தக் கிரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டலாமா, ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று படித்தேன். இன்னொன்று, சுனைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா, குளோரின் மாத்திரை வேண்டுமா?

ராத்திரி டூட்டி

கட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் நரம்பைத் தாக்கும் விஷம், அந்த அழுத்தக் கட்டு அங்கே பொருந்தும். நம் ஊரில் அதிகம் கடிப்பது கண்ணாடி விரியன் மாதிரியான விரியன்கள், அவற்றின் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிக்கும், அதை ஓரிடத்தில் அடைத்துவைத்தால் கால் போகும். கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, எதுவும் கூடாது.

செய்ய வேண்டியது கடித்த காலை அசைக்காமல் வைப்பது. உங்கள் மூங்கில் தடியையே காலோடு சேர்த்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். மெட்டி, மோதிரம், கொலுசு, வாட்ச், ஷூ எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரை நடக்க விடாமல் தூக்கி இறக்குங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்க வேண்டாம், தூரத்தில் இருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் போகட்டும்.

விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்துதான், இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கிற விஷம்கூட இதைத் தயாரிக்கத்தான் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற குழிவிரியன் வகைகளுக்கு அது வேலை செய்யாது, அங்கேதான் நீங்கள் எடுத்த படம் மருத்துவருக்கு உதவும். அதனால் கிட்டில் பாம்புக்கு என்று எதுவும் வேண்டாம், டார்ச்சும் தடியும்தான் அதற்கான மருந்து. ராத்திரியில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள், பாறை இடுக்கில் கையை விடாதீர்கள்.

தீக்காயம் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். அடுப்புச் சூடு, கற்பூரத் தட்டு என்று எதில் சுட்டாலும் 20 நிமிடம் ஓடுகிற தண்ணீர். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவாதீர்கள்.

தண்ணீர் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், எனக்கு டூட்டிக்கு நேரமாகிறது.

டீத்தூள்

நான் வால்பாறை எஸ்டேட் பக்கத்து ஆள். தண்ணீரும் அட்டைப்பூச்சியும் எனக்கு ரொம்பப் பழக்கம்.

சுனை ஊறுகிற இடத்தில் தெளிவாக இருந்தாலும் அத்தனை கூட்டம் கை கால் கழுவுகிற சீசனில் அப்படியே குடிக்க மாட்டேன். குளோரின் மாத்திரை வாங்கும்போது அட்டையைப் படியுங்கள், இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பது பெரும்பாலும் குடம் அல்லது பெரிய பாத்திர அளவுத் தண்ணீருக்கானது, அதை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டால் நீச்சல்குளம் குடித்த மாதிரி இருக்கும். ஒரு லிட்டருக்கு என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், கலங்கல் தண்ணீர் என்றால் முதலில் துண்டை நாலாக மடித்து வடிகட்டிவிட்டுப் போடுங்கள், கலங்கலில் குளோரின் வீணாகும்.

துண்டு என்றதும் ஒன்று. பாக்கெட்டில் இல்லாமல் கழுத்தில் ஒரு ஈரிழைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். தலைக்குக் கட்டலாம், கை முறிந்தால் தொட்டில் கட்டலாம், தண்ணீர் வடிகட்டலாம், குளிருக்கு மூடலாம். கூடவே ஊக்கு நாலைந்து கிட்டில் வையுங்கள். தொட்டில் கட்டிய துண்டைக் குத்தவும், முள் எடுக்கவும், அறுந்த செருப்பு வாரைப் பிடிக்கவும் அது போதும். கத்திக்குப் பதிலாக ஒரு நல்ல நகவெட்டி, டேப் வெட்ட, நூல் வெட்ட, தோல் உரிந்தால் வெட்ட எல்லாவற்றுக்கும் ஆகும், சோதனையில் யாரும் கேட்க மாட்டார்கள்.

அட்டைப்பூச்சிக் கவலை இப்போது உங்களுக்கு வேண்டாம், மார்ச் காய்ந்த காலம். ஆனால் மழை கழித்து வேறு பாதைக்குப் போகப்போவதாகச் சொல்கிறீர்களே, அப்போது கட்டாயம் வரும். எங்கள் ஊரில் ஒரு குச்சி நுனியில் துணியில் உப்பைச் சின்ன மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள், அட்டை ஏறினால் அதில் ஒரு தொடு, கழன்று விழும். மூக்குப்பொடி, சுண்ணாம்பும் உண்டு. ஆனால் கடித்துக்கொண்டிருக்கும்போது உப்பு வைத்தால் அது புண்ணுக்குள் கக்கிவிட்டு விழும் என்பதால் டாக்டர்கள் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளிக் கழற்றச் சொல்கிறார்கள், இரண்டு முனையும் ஒட்டியிருக்கும், மெல்லிய முனைதான் வாய், முதலில் அதைத் தள்ள வேண்டும். பிய்த்து இழுக்காதீர்கள், சிகரெட்டால் சுடாதீர்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால் விழுந்த பின்னும் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும், பயப்படாமல் அழுத்திப் பிடித்து பேண்ட் எய்ட் போடுங்கள். உங்கள் ஐந்து பேண்ட் எய்டும் அன்றைக்குத்தான் தீரும்.

அட்டையை விட உண்ணி எனக்குப் பயம். அதற்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள், புதர்க் காய்ச்சல் அந்தச் சின்னப் பூச்சியால் வருகிறது. போய் வந்து பத்து நாள், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனேன் என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்ட மாதிரிக் கறுத்த வடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் சரியாகும்.

காட்டுப்பூனை

மலைத்தேனீயை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பாறை முகட்டில் பெரிய கூடு தொங்கும், சென்ட் அடித்துக்கொண்டு போவது, கல் எறிவது, கூச்சல் போடுவது, புகை இதற்கெல்லாம் கிளம்பும். (புகை என்றதும் என் சூடத்தை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.) கிளம்பினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதுதான் வழி, தடியைச் சுழற்றாதீர்கள். கொடுக்கு தோலில் இருந்தால் எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே சுரண்டி எடுங்கள், உள்ளே இருக்கிற வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும், அந்த ஏடிஎம் கார்டின் ஓரம் அதற்கு நல்லது. இரண்டு மூன்று கொட்டுக்கு செட்டிரிசின் சரி. உதடு, நாக்கு வீங்கி மூச்சு வாங்கினால் செட்டிரிசின் போதாது, அதற்கு அட்ரினலின் ஊசிதான், உடனே இறக்க வேண்டும்.

சும்மா ஒரு ஆள்

சரி சரி, தாத்தா கதை சொன்னதற்கு இவ்வளவா. டார்ச்சையும் ஓஆர்எஸ்ஸையும் நானும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் மூங்கில் தடியில் மட்டும் மாற்றம் இல்லை, பார்த்தீர்களா, பாம்புக்கும் அதையே சொல்கிறார்கள்.

ஊர்சுற்றி

எல்லோருக்கும் நன்றி. பட்டியலில் பாதி போய்விட்டது, வந்ததில் பாதி மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ஒரே ஒரு கேள்வி மிச்சம். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் எடுத்துவிடுவார்கள் என்றீர்களே, ஜிப் கவரும் ஓஆர்எஸ் பொட்டலமும் பிரச்சினை ஆகுமா?

தடிஊன்றி

மருந்து என்று திறந்து காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். அவர்கள் கவலை பிஸ்கட் கவர், சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில்தான். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போனால் அந்தப் பேச்சே வராது, ஓஆர்எஸ் கலக்க அளவும் தெரியும், 200 மில்லி எங்கே வருகிறது என்று வீட்டிலேயே அளந்து வெளியே ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். கலக்கிய பொட்டலத்தின் காலிக் கவரையும் அதே ஜிப் கவருக்குள் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. உங்கள் பெயர், ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டு எண். மாமாவுக்கு அவர் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரும் அளவும் எழுதித் தனிச் சீட்டு, அவருடைய பாக்கெட்டிலேயே. பென்சிலால் எழுதுங்கள், ஜெல் பேனா என்றால் வியர்வையில் முதல் மலையிலேயே அழிந்துவிடும்.